ஒட்டு மூலக்கூறைத் தடுத்தால் குடலுக்குக் காவல் போய்விடுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் ஈசூனில் இருக்கிறோம். என் மகனுக்கு 23 வயது. தேசிய சேவை முடித்த கையோடு வயிற்றுப்போக்கு, ரத்தம் என்று ஆரம்பித்தது. பெருங்குடல் புண் அழற்சி என்று சொல்லிவிட்டார்கள். மெசலசின் மாத்திரைக்கு அடங்கவில்லை. ஸ்டீராய்டு கொடுத்தால் நன்றாக இருக்கிறான், குறைத்தால் திரும்ப வருகிறது. இப்போது வெடோலிசுமாப் என்ற மருந்தை ஏற்றலாம் என்கிறார் மருத்துவர். எதிர்ப்பு அணுக்கள் குடலில் போய் ஒட்டாமல் தடுக்கும் மருந்தாம். என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவம் படிக்கிறாள். ஏதோ ஒரு ஒட்டு மூலக்கூறு இல்லாத எலிகளுக்குக் குடலில் ஒருவகை எதிர்ப்பு அணுவே இல்லாமல் போனது என்று படித்துவிட்டு, அண்ணனுக்கும் அப்படி ஆகுமா என்று கேட்கிறாள். எனக்குத் தூக்கமே போய்விட்டது. குடலுக்குக் காவலே இல்லாமல் போய்விடாதா? அடுத்த வருடம் ஊரில் கல்யாணத்துக்கு வேறு போக வேண்டும். சொந்தக்காரர் ஒருவர், எதிர்ப்புச் சக்தியில் 70 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது, அதைக் கூட்ட ஒரு பவுடர் இருக்கிறது, ஊசியெல்லாம் வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: வணக்கம் அம்மா. தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காவல் போய்விடாது. தம்பிக்கு ஏற்றப்போகும் மருந்து, ரத்தத்திலிருந்து குடலுக்குள் நுழைய எதிர்ப்பு அணுக்கள் பயன்படுத்தும் பல வழிகளில் ஒன்றை அடைக்கிறது. ஏற்கெனவே குடலில் குடியிருக்கும் அணுக்களை அது வெளியேற்றுவதும் இல்லை, கொல்வதும் இல்லை. மகள் படித்தது உண்மையான, நல்ல ஆய்வுதான். ஆனால் அதில் வரும் மூலக்கூறு வேறு, இந்த மருந்து பிடிக்கும் மூலக்கூறு வேறு, இரண்டும் செய்யும் வேலையும் வேறு.

இத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. ஏனென்றால் மகள் கேட்டது சரியான கேள்வி. ஒரு மூலக்கூறைத் தடுத்தால் குடலின் எதிர்ப்பு அணுக்கள் உருவாகும் விதமே மாறுமா என்பது, இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கும் விஷயம். அதற்கு ஒரு பகுதி "ஆமாம்" என்ற பதிலும் உண்டு, அதையும் உங்களிடம் மறைக்கப்போவதில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டு மூலக்கூறுகள் என்பவை நம் உயிரணுக்களின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள். ஓர் அணுவில் இருப்பது, இன்னோர் அணுவில் இருக்கும் தன் ஜோடியைப் பார்த்தால் பிடித்துக்கொள்ளும். வெறுமனே பிடித்துக்கொண்டு நிற்பதோடு அது முடிவதில்லை, பிடித்த கணத்திலேயே அணுவுக்கு உள்ளேயும் செய்தி போகிறது. தங்குவதா கிளம்புவதா, எந்த ஜீனை இயக்குவது, சண்டைக்காரனாக ஆவதா சமாதானம் பண்ணுபவனாக ஆவதா என்பதெல்லாம் ஓரளவு இந்தப் பிடிப்பிலிருந்துதான் தீர்மானமாகிறது. ஓர் எதிர்ப்பு அணு எங்கே போய் நிற்கிறதோ அந்த இடம்தான் அதை ஆளாக்குகிறது. குடலில் நிற்க முடியாத அணு குடலுக்கு ஏற்ற அணுவாக வளரவே முடியாது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும்.

சரி, ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு டி செல்லுக்கு (எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகை) குடல் எது, தோல் எது, மூளை எது என்று எப்படித் தெரிகிறது? நம் சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைச் சொன்னால் போதும், டாக்சி நேராக உங்கள் புளோக்கின் கீழே வந்து நிற்கிறது. டி செல்லுக்கும் அப்படி ஒரு குறியீடு கொடுக்கப்படுகிறது. குடலுக்கான குறியீட்டின் பெயர் ஆல்ஃபா4-பீட்டா7. இன்டெக்ரின் என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒட்டு மூலக்கூறு இது. இதன் ஜோடி மேட்காம்-1, குடல் சுவரில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்புறத்தில் இருக்கிறது. உடம்பின் மற்ற இடங்களில் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். உங்கள் மகனுக்குச் சொல்லியிருக்கும் மருந்து பிடிப்பது இந்த ஆல்ஃபா4-பீட்டா7-ஐத்தான்.

இந்தக் குறியீடு பிறவியிலேயே எல்லா டி செல்லுக்கும் வந்துவிடுவதில்லை. குடலை ஒட்டிய நிணநீர்க் கணுக்களிலும், சிறுகுடல் சுவரில் ஆங்காங்கே இருக்கும் பேயர் திட்டுகளிலும் (ஸ்விட்சர்லாந்துக்காரரான யோகான் கொன்ராட் பேயர் 1677-இலேயே இவற்றைப் பற்றி எழுதிவிட்டார்) டென்ட்ரிடிக் செல்கள் என்று இன்னொரு வகை எதிர்ப்பு அணுக்கள் இருக்கின்றன. இவை நாம் சாப்பிடும் வைட்டமின் ஏ-யை ரெட்டினாயிக் அமிலமாக மாற்றி, புதிதாக வரும் டி செல்லுக்குக் கொடுக்கின்றன. அதை வாங்கிய டி செல் தன் மேற்பரப்பில் ஆல்ஃபா4-பீட்டா7-ஐ ஏற்றிக்கொள்கிறது. 2004-இல் இதைக் கண்டுபிடித்தபோது பலருக்கும் ஆச்சரியம், சாப்பாட்டில் இருக்கும் ஒரு சத்து ஓர் அணுவின் பயணத் திசையையே முடிவு செய்கிறதா என்று. வைட்டமின் ஏ போதாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் குடலில் டி செல்கள் குறைந்துபோகின்றன. அதற்காக வைட்டமின் ஏ மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா, அது அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். கீரை, கேரட், முட்டை என்று தம்பியின் வயிறு எதை ஏற்றுக்கொள்கிறதோ அது போதும்.

குறியீடு வாங்கிய டி செல் குடலுக்குள் எப்படி நுழைகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் மருந்து வேலை செய்வது இந்த இடத்தில்தான். குடல் சுவரின் ஒரு மெல்லிய ரத்தக் குழாய். ரத்தம் ஓடும் வேகத்தில் டி செல்லும் அடித்துக்கொண்டு போகிறது. குழாயின் சுவரில் இருக்கும் மேட்காம்-1-இல் பட்டதும் வேகம் குறைந்து சுவரோடு சுவராக உருள ஆரம்பிக்கிறது. உருளும்போது அந்த இடத்திலிருந்து கசியும் வேதிச் சமிக்ஞைகள் அதன் மேல் படுகின்றன. உடனே, அதுவரை மடங்கிக் கிடந்த இன்டெக்ரின்கள் நிமிர்ந்து நீண்டு இறுக்கிப் பிடிக்கின்றன. செல் நிற்கிறது, தட்டையாகிறது, குழாய்ச் சுவரின் இரண்டு அணுக்களுக்கு நடுவே தன்னைக் குறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுகிறது. வெடோலிசுமாப் ஏற்கெனவே அந்த ஆல்ஃபா4-பீட்டா7-இன் மேல் போய் உட்கார்ந்திருந்தால் இந்த உருளலும் பிடிப்பும் சரியாக நடக்காது, செல் ரத்தத்தோடு ரத்தமாகப் போய்விடும். சாகவில்லை, சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, குடலுக்குள் மட்டும் வரவில்லை.

உள்ளே போன பிறகு நடப்பது இதைவிட அழகு. குடலின் உட்பரப்பில் வரிசையாக நிற்கும் அணுக்கள் சுமார் மூன்று முதல் ஐந்து நாளைக்கு ஒருமுறை புதிதாக மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆரோக்கியமான சிறுகுடலின் பயாப்சியை, அதாவது கிள்ளி எடுத்த சிறு திசுவை, நுண்ணோக்கியில் பார்த்தால், உயரமாக நிற்கும் அந்த அணுக்களுக்கு இடையிடையே, ஏறத்தாழ பத்துக்கு ஒன்று என்ற கணக்கில், சின்னச் சின்னக் கரும்புள்ளிகளாக எதிர்ப்பு அணுக்கள் செருகி நிற்பது தெரியும். இப்படித் தங்குவதற்கு வேறொரு பிடிமானம் வேண்டும். அங்கே சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் பட்டதும், டி செல் ஆல்ஃபா4-ஐக் குறைத்துக்கொண்டு ஆல்ஃபாஈ-யை ஏற்றுகிறது. பீட்டா7 அதேதான், கூட்டாளி மட்டும் மாறுகிறது. இந்த ஆல்ஃபாஈ-பீட்டா7 குடலின் உட்பரப்பு அணுக்களில் உள்ள ஈ-காடெரினைப் பிடித்துக்கொள்கிறது. வந்து சேர ஒரு மூலக்கூறு, தங்கியிருக்க இன்னொன்று. வெடோலிசுமாப் முதலாவதை மட்டும்தான் தொடுகிறது. அதனால்தான் ஏற்கெனவே தங்கிவிட்டவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்று முதலிலேயே சொன்னேன். அப்படித் தங்கியவை நாளைக்கே காணாமல் போகிறவையும் அல்ல. தானமாகப் பொருத்தப்பட்ட குடல் துண்டில் தானம் கொடுத்தவரின் டி செல்கள் ஓராண்டுக்குப் பிறகும் இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். எதிர்ப்புப் புரதம் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் சில குடலில் பல பத்தாண்டுகள்கூட இருக்கின்றன.

மகள் படித்தது எனக்குத் தெரிந்து 2014-இல் வந்த ஆய்வாகத்தான் இருக்க வேண்டும். அதில் வருவது மூன்றாவது வகை வேலை. சிஆர்டிஏஎம் என்ற ஒட்டு மூலக்கூறு, தூண்டப்பட்ட டி செல்களில் தோன்றுகிறது. அதன் ஜோடியான சிஏடிஎம்1 குடலின் டென்ட்ரிடிக் செல்களில் இருக்கிறது. இந்த இருவரில் ஒருவர் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் குடலில், சிடி4, சிடி8 என்ற இரண்டு அடையாளங்களையும் சேர்த்துச் சுமக்கும் ஒரு விசேஷ டி செல் வகை காணாமல் போனது. சாதாரண சிடி4 செல்லாகக் குடலுக்கு வந்து, அங்கே வந்தபின் குணம் மாறி, அழற்சியை அடக்கும் பக்கம் சாயும் வகை இது. அந்த மாற்றம் நடந்து அவை அங்கே நிலைத்திருக்க டென்ட்ரிடிக் செல்லோடு அந்தப் பிடிப்பு வேண்டியிருக்கிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, மகள் அதையும் படித்திருப்பாள். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை வாய்வழியாகக் கொடுத்தபோது, சிஆர்டிஏஎம் இல்லாத எலிகள் அதைக் குடலில் மற்ற எலிகளைவிட நன்றாகவே கட்டுப்படுத்தின. ஒரு மூலக்கூறு இல்லாவிட்டால் எல்லாமே பாழ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அப்புறம் முக்கியமாக, வெடோலிசுமாப் சிஆர்டிஏஎம் பக்கமே போவதில்லை.

இன்னோர் உதாரணமும் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் ஒட்டு மூலக்கூறு என்றாலே தாக்குதல் என்ற எண்ணத்தை அது உடைத்துவிடுகிறது. டென்ட்ரிடிக் செல்களில் ஆல்ஃபாவி-பீட்டா8 என்று ஓர் இன்டெக்ரின் உண்டு. டிஜிஎஃப்-பீட்டா ஓர் உறைக்குள் அடைபட்டு சும்மா கிடக்கும். அதை வேலை செய்ய வைப்பது இந்த இன்டெக்ரின். அப்போதுதான் குடலில் சண்டையை அடக்கும் கட்டுப்பாட்டு டி செல்கள் போதிய அளவு உருவாகும். டென்ட்ரிடிக் செல்களில் இது இல்லாத எலிகளுக்குத் தானாகவே பெருங்குடல் அழற்சி வந்ததை 2007-இல் காட்டினார்கள். நாம் தினமும் சாப்பிடும் சாப்பாட்டையும் நம்மோடு வாழும் கோடிக்கணக்கான கிருமிகளையும் குடல் எதிரியாகப் பார்க்காமல் இருப்பதற்கு இந்த மூலக்கூறுகளும் ஒரு காரணம். தம்பிக்கு வந்திருக்கும் நோயில் அந்தப் பொறுமைதான் கெட்டுப்போயிருக்கிறது.

இப்போது அந்த "ஆமாம்" பகுதி. பீட்டா7 என்ற பாதி இல்லாமலே பிறக்கும்படி உருவாக்கிய எலிகளின் பேயர் திட்டுகள் சிறுத்துப்போய், குடலில் எதிர்ப்பு அணுக்கள் மிகக் குறைவாக இருந்தன. 1996-இல் வெளிவந்த ஆய்வு அது. அப்படியானால் இதே பீட்டா7 உள்ள மூலக்கூறை மருந்தால் தடுத்தால்? வளர்ந்த மனிதரில் அந்த அளவுக்கு எதுவும் நடப்பதில்லை, பிறவியிலேயே இல்லாமல் இருப்பதும் வளர்ந்தபின் ஒரு வழியைத் தடுப்பதும் ஒன்றல்ல. ஆனால் கொஞ்சம் நடக்கிறது. 2024-இல் வந்த ஓர் ஆய்வில், வெடோலிசுமாப்புக்கு நன்றாகக் குணம் கண்ட பெருங்குடல் புண் அழற்சி நோயாளிகளின் குடலில் நிணநீர்த் திசு சுருங்கியிருந்ததைக் கண்டார்கள். புதிய எதிர்ப்பு அணுக்கள் வந்து கூடிப் பக்குவப்படும் திசு அது. அதாவது, குடலின் எதிர்ப்பு அணுக்கள் உருவாகும் இடத்தையே மருந்து ஓரளவு அமைதிப்படுத்துகிறது, குணம் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நீங்கள் எதைப் பக்க விளைவாக நினைத்துப் பயந்தீர்களோ அது ஒரு பங்கில் மருந்தின் வேலையே. அளவுக்கு மீறிக் கொதித்துக்கொண்டிருக்கும் குடலுக்கு அது நல்லது.

அப்படிச் செய்யும்போது உடம்பின் மற்ற இடங்கள் என்னாகும் என்று கேட்பீர்கள். ஆரோக்கியமானவர்களுக்கு வெடோலிசுமாப் ஒருமுறை கொடுத்துவிட்டு, ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் கையிலும், காலரா தடுப்பு மருந்தை வாய்வழியாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் முடிவு வெளியானது. கையில் போட்ட தடுப்பூசிக்கு உடம்பு வழக்கம்போல் எதிர்ப்பைக் காட்டியது. குடல் வழியாகப் போன காலரா மருந்துக்கு மட்டும் எதிர்ப்பு குறைந்தது. இந்த மருந்தின் குணத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. குடலில் கொஞ்சம் தணிகிறது, மற்ற இடங்களில் தொடுவதில்லை. தம்பி இப்போது சாப்பிடும் ஸ்டீராய்டு உடம்பு முழுக்க, எலும்பு, சர்க்கரை, தூக்கம், முகம், மனநிலை என்று எல்லாவற்றிலும் கை வைக்கிறது. உங்கள் பயத்தை அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினால் நியாயமாக இருக்கும் என்பேன்.

அதுபோக, நோய்க்கிருமியைத் தின்னும் நியூட்ரோஃபில் அணுக்கள் முக்கியமாக நம்பியிருப்பது பீட்டா2 என்ற வேறு இன்டெக்ரின்களை. அந்த வழி திறந்தே இருக்கிறது. அது அடைபட்டால் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும், ஏனென்றால் பீட்டா2 இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாக உண்டு. தொப்புள்கொடி விழ நாளாகும், தொற்று அடுத்தடுத்து வரும், அணுக்கள் புண்ணுக்குப் போய்ச் சேர முடியாததால் புண்ணில் சீழ்கூட வைக்காது. தம்பிக்கு வரப்போவது அதுவல்ல, அதன் பக்கத்தில்கூட இல்லை.

இதே வரிசையில் முன்னால் வந்த நட்டாலிசுமாப் என்ற மருந்தைப் பற்றி இணையத்தில் தேடினால் மகள் கண்ணில் படும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அது ஆல்ஃபா4-ஐ எங்கே கண்டாலும் பிடித்தது. குடலுக்குப் போகும் வழியோடு சேர்த்து மூளைக்குப் போகும் வழியும் அடைபட்டது. 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, சிலருக்கு ஜேசி வைரஸால் கடுமையான மூளை நோய் வந்ததால் 2005-இல் நிறுத்தப்பட்டு, கட்டுப்பாடுகளோடு 2006-இல் திரும்ப வந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, குடலை மட்டும் குறிவைக்கும் வெடோலிசுமாப் 2014-இல் அனுமதி பெற்றது. அனுமதிக்கு முந்தைய சோதனைகளில் அந்த மூளை நோய் ஒருவருக்கும் வரவில்லை. இருந்தாலும் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மாற்றம் என்று எதுவும் தோன்றினால் உடனே சொல்லச் சொல்வோம், அது எங்கள் வழக்கம். வந்து சேரும் வழி, தங்கும் வழி இரண்டையும் சேர்த்தே தடுத்தால் இன்னும் நல்லதோ என்று எட்ரோலிசுமாப் என்ற மருந்தையும் முயன்றார்கள். பெரிய சோதனைகளில் எதிர்பார்த்த அளவு கைகொடுக்கவில்லை.

இனி வேலை செய்யுமா என்ற விஷயம். எல்லோருக்கும் செய்யும் என்று நான் சொன்னால் அது பொய். 2013-இல் வெளியான பெரிய சோதனையில், முதல் சில டோஸ்களில் முன்னேற்றம் கண்டு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்தைத் தொடர்ந்தவர்களில் 41.8 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் நோய் அடங்கிய நிலையில் இருந்தார்கள். வெற்று மருந்துக்கு மாற்றப்பட்டவர்களில் அது 15.9. 2019-இல் அடலிமுமாப் என்ற இன்னொரு மருந்தோடு நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, ஓராண்டில் நோய் அடங்கியவர்கள் வெடோலிசுமாப்பில் 31.3 விழுக்காடு, அடலிமுமாப்பில் 22.5. அதனால் மருத்துவர் இதை முதலில் எடுப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும், காரணம் மேலே சொன்னதுதான், புதிதாக வருபவர்களைத்தான் தடுக்கிறதே தவிர உள்ளே ஏற்கெனவே சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஓய வேண்டும். 14 வாரம் வரை பார்த்துவிட்டுத்தான் சரிப்படுகிறதா இல்லையா என்று பொதுவாக முடிவெடுப்போம். இரண்டாவது டோஸிலேயே மனம் விட்டுவிடாதீர்கள். அதுவரை ஸ்டீராய்டை மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும், நன்றாக இருக்கிறதே என்று தம்பி தானாகக் குறைத்துவிடக் கூடாது.

மருந்து ஏற்றுவது பெரிய விஷயமில்லை. 300 மில்லிகிராம், கையில் டிரிப்ஸ் போட்டு அரை மணி நேரம், பிறகு சிறிது நேரம் கவனித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். முதல் நாள், இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், அப்புறம் எட்டு வாரத்துக்கு ஒருமுறை. சளி, தொண்டை வலி, தலைவலி, மூட்டுவலி சிலருக்கு வரும். ஆரம்பிக்கும் முன் காசநோய், ஹெபடைடிஸ் பி சோதனை செய்வார்கள், அதைப் பார்த்து அரண்டுபோக வேண்டாம், எல்லோருக்கும் செய்வது. செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் என்று தெரியும். மருத்துவமனையின் மருத்துவச் சமூக சேவையாளரை முதல் டோஸுக்கு முன்பே பாருங்கள், பில் வந்த பிறகு ஓடாதீர்கள். மெடிசேவ், காப்புறுதி, மானியம் எதில் எவ்வளவு என்று அவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்வார்கள்.

ஊர்க் கல்யாணத்துக்குத் தாராளமாகப் போகலாம். தேதியை முன்கூட்டியே சொன்னால் இரண்டு டோஸுக்கு நடுவில் பயணம் வருகிற மாதிரி அமைத்துக்கொள்ளலாம். டைஃபாய்டுக்கு ஊசி போட்டுக்கொள்ளட்டும், வாய்வழி மாத்திரை உயிருள்ள கிருமியால் ஆனது, வேண்டாம். வேறு உயிருள்ள தடுப்பூசி எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. குடலில்தான் எதிர்ப்பு கொஞ்சம் தணிந்திருக்கும் என்பதால் தண்ணீர் விஷயத்தில் கறாராக இருங்கள். மூடி திறக்காத பாட்டில் தண்ணீர் அல்லது கொதிக்க வைத்த தண்ணீர், பந்தியில் டம்ளரில் வைக்கும் தண்ணீர் வேண்டாம், வெட்டி வைத்த பழம், ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டாம். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பார்க்காதீர்கள். போன இடத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் பழைய நோய்தான் திரும்பிவிட்டது என்று கையிலிருக்கும் ஸ்டீராய்டை ஏற்றிவிடாமல், மலத்தைச் சோதித்துத் தொற்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பவுடர் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை, வேண்டாம். அந்த 70 விழுக்காட்டுக் கணக்கு எல்லா விளம்பரத்திலும் வருகிறது. 2023-இல் உடம்பிலுள்ள எதிர்ப்பு அணுக்களை முறையாகக் கணக்கெடுத்தார்கள். 73 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்குச் சுமார் 1.8 லட்சம் கோடி அணுக்கள், மொத்த எடை 1.2 கிலோ. லிம்ஃபோசைட்டுகள் (டி செல் போன்றவை) பெரும்பாலும் நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும், நியூட்ரோஃபில்கள் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கின்றன. குடல் மிக முக்கியமான இடம்தான், ஆனால் பவுடர் விற்க அந்த எண்ணைப் பயன்படுத்துவது சரியில்லை. அதைவிட, தம்பியின் பிரச்சினை எதிர்ப்புச் சக்தி குறைந்தது அல்லவே அம்மா, குடலில் அது அடங்காமல் எழுந்து நிற்பதுதான். அதை மேலும் கூட்டுவதாகச் சொல்லும் ஒன்றை எதற்குக் கொடுக்க வேண்டும்? சில மூலிகைப் பொருட்களில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அப்படி ஒன்றைச் சாப்பிட்டால் சில வாரம் அற்புதமாகக் குணமானது போலவே இருக்கும், பிறகு நிறுத்தும்போது விபரீதம்.

தயிரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மகள் கேட்பாள். அந்த இரட்டை அடையாள டி செல்களைப் பற்றி 2017-இல் தொடர்ச்சியாக ஓர் ஆய்வு வந்தது. லாக்டோபசிலஸ் ரியூடெரி என்ற பாக்டீரியாவும் டிரிப்டோஃபான் என்ற புரதக் கூறு நிறைந்த உணவும் சேர்ந்தால் எலிகளின் குடலில் அந்த அணுக்கள் பெருகின. படிக்க எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்த ஆய்வு. ஆனால் அது எலி, தம்பிக்கு இருப்பது தீவிரமான அழற்சி. தேக்காவில் வாங்கும் தயிரோ வீட்டில் உறை ஊற்றிய தயிரோ ஒத்துக்கொண்டால் சாப்பிடட்டும், முட்டை, பருப்பு சாப்பிடட்டும், மருந்துக்குப் பதிலாக அல்ல.

இன்னொன்று. இந்த நோய் உங்கள் சமையலாலோ, தேசிய சேவையில் சாப்பிட்ட சாப்பாட்டாலோ வந்தது என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் இந்த நோய் அதிகம் என்பது பழைய ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். பரம்பரை, சூழல், குடல் கிருமிகள் என்று பலதும் சேர்ந்து வருவது இது. ரிசர்விஸ்ட் அழைப்பு வந்தால் இந்த மருந்து எடுப்பதைப் படை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்கச் சொல்லுங்கள், சமாளித்துக்கொள்வேன் என்று இளைஞர்கள் மறைத்துவிடுகிறார்கள்.

மருந்து ஆரம்பிக்கும்வரையிலும், ஆரம்பித்து அது பிடிக்கும்வரையிலும் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஒரே நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ, நெஞ்சு படபடப்போ, வயிறு உப்பிக் கடுமையான வலியோ இருந்தால், அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள், பலதுறை மருந்தகத்துக்கும் போகாதீர்கள். அவனுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அன்றே, இரவானாலும், அழைத்துப் போங்கள்.